ஒரு நாள் கதிர் போதுமா?

வாசகர் கேள்வி:

என் அப்பாவுக்கு 72 வயது. ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறவர். நான்கு வருடங்களுக்கு முன் புரொஸ்டேட் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போதே இடுப்பு, முள்ளந்தண்டு, விலா என்று ஏழெட்டு இடங்களில் எலும்புக்குப் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹோர்மோன் ஊசி போட்டார்கள். பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் இரத்த அளவு) 140இலிருந்து 0.8க்கு இறங்கியது. கடந்த ஆறு மாதத்தில் 3, 9, 22 என்று ஏறிவிட்டது. இனி ஹோர்மோனுக்கு நோய் கட்டுப்படாது என்கிறார்கள். இரவில் வலது இடுப்பு வலியால் தூங்குவதில்லை. புதிய எலும்பு ஸ்கானில் இடது தொடையிலும் ஒரு புள்ளி தெரிகிறதாம். அந்தத் தொடை 2009 போரில் எறிகணை (செல்) பட்டு முறிந்து பொருந்தியது. துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் வலது இடுப்புக்கு ஒரு நாள் மட்டும் கதிர் கொடுத்துவிட்டு, பிறகு கீமோ ஊசி பற்றி யோசிக்கலாம் என்றார்கள். கனடாவில் இருக்கும் அண்ணாவோ, 35 நாள் கொடுத்தால்தான் நோய் எரியும், ஒரு நாள் என்பது கண்துடைப்பு, காணியை விற்றாவது சென்னைக்குக் கொண்டுபோய் லுட்டீசியம் ஊசி கொடுப்போம் என்கிறார். அப்பா அரிவி வெட்டு முடியட்டும் என்று பாமசியில் வாங்கிய டைக்குளோபினக் வலிக் குளிசையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறார். நாங்கள் என்ன செய்வது? நான்கு வருடத்துக்கு முன்பே கதிர் கொடுக்காமல் விட்டது எங்கள் தவறா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் 3, 9, 22 என்ற எண்களுக்குக் கீழே இரண்டு தடவை கோடு இழுத்திருக்கிறீர்கள். வலது இடுப்பு வலிக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிந்தது. எலும்புக்குப் பரவி, ஹோர்மோன் சிகிச்சைக்கும் அடங்காமல் போன நோயில், கதிர்வீச்சை ஓர் எண்ணை இறக்குவதற்காகக் கொடுப்பதில்லை. வலிக்கின்ற இடம், முறியப் போகின்ற இடம், நரம்பை நெரிக்கின்ற இடம், இரத்தம் கசிகின்ற இடம் என்று உடலில் ஓர் இடத்தைக் குறிவைத்தே கொடுக்கிறோம். பி.எஸ்.ஏ. 22 ஆனாலும் 220 ஆனாலும், அந்த எண்ணுக்காக மட்டும் ஒருவரைக் கதிர் மேசையில் படுக்கவைக்க மாட்டேன். இரவில் தூங்க விடாத இடுப்புக்காக நாளைக்கே படுக்கவைப்பேன்.

அதற்கு முன் ஒரு விடயத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். நோய் உண்மையிலேயே ஹோர்மோனை மீறிவிட்டதா, ஊசிதான் தவறியதா? வெள்ளத்தில் பாதை மூடிய கிளினிக் நாள், மருந்து இருப்பில் இல்லை என்று திரும்பி வந்த நாள், இவை வன்னியில் எல்லா வீட்டிலும் உண்டு. அப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்து ஊசி போட்ட திகதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். இரத்தத்தில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோனின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒரு டெசிலீற்றரில் 50 நனோகிராமுக்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால்தான் 'ஹோர்மோனுக்குக் கட்டுப்படாத நோய்' என்ற பெயர் பொருந்தும். அதற்கு மேலே இருந்தால், தவறிய ஊசியை ஒழுங்காகப் போடுவதே முதல் வேலை. ஊசியோடு, ஆண் ஹோர்மோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைட் குளிசையும் எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கிறார் என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிலருக்கு அந்தக் குளிசையை நிறுத்தியதும் பி.எஸ்.ஏ. சில வாரங்களுக்கு இறங்குவதுண்டு.

ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள். 'கட்டுப்படாது என்றுவிட்டார்களே, பிறகு ஏன் ஊசி' என்று பலர் கிளினிக்குக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். விதைகள் சுரக்கும் ஹோர்மோனை அடக்கினால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்று சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941இல் காட்டினார். அந்த அடித்தளத்தின் மீதுதான் இன்றைய மற்ற எல்லா மருந்துகளும் நிற்கின்றன. அடங்காத கலங்கள் பெருகிய பிறகும், அடங்கும் கலங்கள் கொஞ்சம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அவற்றை அவிழ்த்துவிடக் கூடாது.

இனி ஒரு நாள் கதிர். 'ஒரு நாள்' என்று சொன்னதும் முகம் வாடிப்போகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கைவிட்டுவிட்டார்கள், ஏழை என்பதால் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை தங்கச்சி. எலும்பு வலிக்கு 8 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவு கதிரை ஒரே தடவையில் கொடுப்பதையும், 20 கிரேயை 5 நாளிலோ 30 கிரேயை 10 நாளிலோ பிரித்துக் கொடுப்பதையும் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேருக்கு வலி குறைந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு நாள் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேருக்குப் பின்னர் அதே இடத்துக்கு மறுபடியும் கொடுக்க வேண்டியிருந்தது. பல நாள் பெற்றவர்களில் சுமார் 8 பேருக்கு. ஆனால் மறுபடி கொடுக்கலாம் என்பதே பெரிய வசதிதானே. குறைந்தது நான்கு வாரம் பொறுத்து, வலி திரும்பினாலோ போகாமலே இருந்தாலோ இன்னொரு தடவை கொடுப்பார்கள்.

பத்து நாள் என்றால் சனி, ஞாயிறு விட்டு இரண்டு வாரம். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போய், ஏ-9 வீதியில் கிளிநொச்சி, ஆனையிறவு கடந்து தெல்லிப்பழைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வலிக்கிற இடுப்போடு தினமும் வானில் போய்வருவதா, தங்குவதற்கு ஒரு சொந்தக்காரர் வீட்டைத் தேடுவதா? பலன் ஒன்றாகவே இருக்கும்போது அந்த அலைச்சலை ஐயாவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அண்ணா சொல்லும் 35 நாள் பொய்யில்லை. புரொஸ்டேட்டுக்குள்ளேயே நோய் நிற்கும்போது, அதை முழுதாக அழிக்கும் நோக்கத்தோடு கொடுக்கிற கணக்கு அது. அண்ணாவின் நண்பர் யாருக்கோ அங்கே அப்படிக் கொடுத்திருப்பார்கள். உங்கள் அப்பாவின் நோய் நிற்கும் கட்டம் வேறு.

குறுகிய கதிரை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைக் கிளினிக்கின் அவசரத்தில் யாரும் விளக்க மாட்டார்கள். இந்த வயதில் இரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மச்சையின் பெரும்பகுதி இடுப்பிலும் முள்ளந்தண்டிலும் இருக்கிறது. 'எல்லா இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்' என்று இடுப்பு முழுவதையும் கதிரால் அடித்தால் அந்த மச்சை காய்ந்துபோகும். அதற்குப் பிறகு டொசெடக்ஸல் கொடுக்கப் போனால் வெள்ளணு விழும், கிருமி தொற்றும், ஊசி தள்ளிப்போகும். உங்கள் வைத்தியர் 'கீமோ ஊசி' என்று சொன்னது பெரும்பாலும் அந்த டொசெடக்ஸலாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்து நோயில் ஆயுளைக் கூட்டுகிறது என்று முதன்முதலில், 2004இல், நிரூபிக்கப்பட்ட கீமோ மருந்து அது. வலியையும் குறைக்கும். அதற்கான இரத்த பலத்தைச் சேமித்துவைக்கிற கதிர்தான் நல்ல கதிர். வலிக்கிற இடத்தை மட்டும் சுற்றிச் சின்னதாய் ஒரு கதிர்ச் சதுரம், அவ்வளவுதான்.

ஒரு நாள் போதாத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அடுத்த தடவை போகும்போது 'வலது இடுப்பு என்றால் இடுப்பெலும்பா, தொடையெலும்பின் மேல் முனையா' என்று கட்டாயம் கேளுங்கள். தொடையெலும்பாக இருந்து, அதன் வெளிச்சுவர் 3 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாக அரிக்கப்பட்டிருந்தால் அது முறியும் ஆபத்தில் இருக்கிறது. அப்போது முதலில் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். உள்ளே கம்பி வைத்துப் பலப்படுத்திவிட்டு, அதற்குப் பிறகு பல நாள் கதிர். படுத்திருக்கும்போது இல்லாமல், காலை ஊன்றியதும் சுள்ளென்று ஏறும் வலி இதற்கான எச்சரிக்கை. எக்ஸ்ரே பார்க்கும்வரை நெல் மூட்டை தூக்க வேண்டாம், உழவு இயந்திரத்தில் ஏற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஊன்றுகோலை இடது கையில் பிடிக்கவேண்டும். வலிக்கிற பக்கத்துக் கையிலேயே பிடிப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் வலது இடுப்பின் சுமை இறங்கும்.

அந்த இடது தொடைப் புள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. எங்கள் மண்ணுக்கே உரிய சிக்கல் இது. எலும்பு ஸ்கான் புற்றுநோயைப் படம் பிடிப்பதில்லை. எலும்பு எங்கெல்லாம் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும். கோணலாகப் பொருந்திய பழைய முறிவும், தேய்ந்த மூட்டும், பழைய காயத்தில் உறங்கிக் கிடக்கும் கிருமியும் ஒளிரலாம். வன்னியிலிருந்து வருகிறவரின் ஸ்கானைப் பார்க்கும்போது முதலில் சட்டையையும் சாரத்தையும் விலக்கிப் பழைய தழும்புகளைத் தேடுவது என் பழக்கமாகிவிட்டது. முன்பொரு நோயாளரின் விலாவில் வரிசையாக நான்கு புள்ளிகள். நோய் பரவிவிட்டது என்று அறிக்கையில் இருந்தது. 'பங்கரின் மரக்குற்றி விழுந்து உடைந்த விலா' என்று அவர் மனைவி சொன்ன பிறகுதான் விளங்கியது. அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை, அவரும் சொல்லியிருக்கவில்லை. பதினாறு வயதில் பட்ட அடியைச் சொல்வார்கள், 2009இல் பட்டதைச் சொல்ல வாய் வராது.

ஆகவே ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்: எந்த வருடம், உடலின் எந்தப் பக்கம், எலும்பு முறிந்ததா, துண்டு உள்ளே இருக்கிறதா. நான்கு வருடத்துக்கு முந்திய ஸ்கானிலும் அந்தத் தொடை ஒளிர்ந்ததா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு சாதாரண எக்ஸ்ரேயே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். அது தீரும்வரை இடது தொடைக்குக் கதிர் வேண்டாம். துண்டு உள்ளே இருப்பது கதிர்வீச்சுக்குத் தடையில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதுதான் கவனம் தேவை. அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். துண்டு எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து, கண்ணுக்கோ முண்ணாணுக்கோ (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இல்லை என்று கதிரியக்க வைத்தியர் தீர்மானித்த பிறகு எடுப்பார்கள். முடியாவிட்டால் சி.ரி. ஸ்கான் இருக்கிறது. தெரியாமல் எடுப்பதுதான் ஆபத்து.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நோய் அப்பாவின் முள்ளந்தண்டிலும் இருக்கிறது. அது வீங்கி முண்ணாணை நெரித்தால் கால்கள் போய்விடும். அதற்கு முன் உடல் அறிகுறி காட்டும்: முதுகைச் சுற்றிப் பட்டி இறுக்கியது போன்ற வலி, இருமும்போதும் படுக்கும்போதும் கூடும் வலி, படி ஏறும்போது கால் தடுக்குவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் கழிப்பது தெரியாமல் போவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு மாவட்ட வைத்தியசாலைக்குப் போய், 'புரொஸ்டேட் புற்றுநோய், எலும்பில் இருக்கிறது, கால் பலமிழக்கிறது' என்று இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். உடனே வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் மருந்தைத் தொடங்கி, ஸ்கான் எடுத்து, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் கதிரோ சத்திரசிகிச்சையோ செய்யவேண்டிய அவசரம் இது. நடந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சைக்குப் பிறகும் நடக்கிறார்கள். கால் முற்றாக விழுந்த பின் வருகிறவர்களில் மிகச் சிலர்தான் எழுந்து நடக்கிறார்கள்.

கடற்கரைப் பக்கமிருந்து ஒருவரை வானின் பின்பக்கம் மெத்தை போட்டுக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் கால் மடங்கியிருக்கிறது. கிளினிக் திகதி வியாழன். ஐந்து நாள் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். பொலித்தீன் பையில் சுற்றி றப்பர் வளையம் போட்ட கொப்பியை மனைவி என்னிடம் நீட்டி, 'இன்றைக்குத்தானே ஐயா திகதி' என்றார். அவ்வளவு கவனமாகத் திகதியைக் காத்தவர். அன்று மாலையே கதிர் கொடுத்தோம், வலி நின்றது, கால் வரவில்லை. அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில், 'கால் பலமிழந்தால் அன்றே வரவும்' என்று முன்கூட்டியே நாங்கள் எழுதியிருந்தால் அவர் நடந்திருப்பார். அன்றிலிருந்து எலும்பில் நோய் உள்ள எவருடைய கொப்பியிலும் அந்த வரியை எழுதாமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. உங்கள் அப்பாவின் கொப்பியில் இல்லையென்றால் நீங்களே எழுதுங்கள், பெரிய எழுத்தில்.

லுட்டீசியம் நல்ல சிகிச்சை. புற்றுநோய்க் கலத்தின் மேலிருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து உள்ளிருந்தே கதிரைப் பாய்ச்சும் ஊசி அது. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் சராசரி ஆயுளை 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாகக் கூட்டியது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் புதிய ஹோர்மோன் குளிசைகளையும் கீமோவையும் முடித்தவர்கள். உங்கள் அப்பா இரண்டையும் இன்னும் தொடங்கவே இல்லை. அந்தப் புரதம் அவருடைய நோயில் இருக்கிறதா என்று தனி ஸ்கான் எடுக்கவேண்டும். சிறுநீரகமும் இரத்த அணுக்களும் பலமாக இருக்கவேண்டும். நோயை வேரோடு பிடுங்கும் மருந்தும் அதுவல்ல. ஆதலால் இன்று அதற்காகக் காணியை விற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அரச வைத்தியசாலையில் பணமில்லாமல் கிடைக்கும் கதிரும் டொசெடக்ஸலும் முதலில் நடக்கட்டும். அபிரட்டரோன் போன்ற புதிய ஹோர்மோன் குளிசை கிடைக்குமா என்றும் கேளுங்கள். அண்ணாவுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: கிளினிக் நாட்களுக்கான வான் வாடகை, டொசெடக்ஸல் நாட்களில் அப்பாவோடு நிற்க ஒருவருக்கான செலவு. தூரத்தில் இருக்கிறவருக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் மனமும் கொஞ்சம் ஆறும்.

நான்கு வருடத்துக்கு முன் தவறிவிட்டோமா என்ற கேள்வியை எத்தனை இரவு சுமந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவிய நோயிலும் தொடக்கத்திலேயே புரொஸ்டேட்டுக்குக் கதிர் கொடுத்தால் பயனுண்டா என்று பிரித்தானியாவில் பெரிய ஆய்வு நடந்து, 2018இல் முடிவு வந்தது. எலும்பில் குறைந்த இடங்களில் மட்டும் பரவியவர்களுக்கு ஆயுள் கூடியது. உங்கள் அப்பாவைப் போல் பல இடங்களில் பரவியவர்களுக்குக் கூடவில்லை. நீங்கள் எதையும் விடவில்லை. இனிமேல் புரொஸ்டேட்டிலிருந்து இரத்தம் போனாலோ சிறுநீர் அடைத்தாலோ அந்த இடத்துக்கும் கதிர் கொடுக்கலாம்; அது வேறு தேவை.

டைக்குளோபினக்கை இன்றே நிறுத்துங்கள். வெயிலில், தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு வயலில் நிற்கிற ஒருவரின் சிறுநீரகத்துக்கு அது நஞ்சு. சிறுநீரக நோய் ஏற்கெனவே வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களில் எத்தனை பேரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பரசிற்றமோலும், போதாவிட்டால் மோர்பினும் கேளுங்கள். மோர்பின் என்றதும் கடைசிக் காலம் என்று பயப்பட வேண்டாம், வலிக்கு அளவாக எடுத்தால் அடிமையாக்காது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வாங்குங்கள். எலும்பைப் பலப்படுத்தும் சொலெட்ரோனிக் ஊசி பற்றிப் பேச்சு வந்தால் முதலில் பல் வைத்தியரிடம் போகவேண்டும். வெற்றிலை போடுகிறவர் என்றால் இன்னும் முக்கியம்; ஆடும் பல்லை ஊசிக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும், பின்னர் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

அரிவி வெட்டைப் பற்றி அப்பாவிடம் நான் பேசுவதாயிருந்தால் இப்படிச் சொல்வேன்: 'ஐயா, கதிர் கொடுத்தால் வலி அன்றைக்கே போகாது. இரண்டு மூன்று வாரம் எடுக்கும், முழுப் பலன் தெரிய நான்கு வாரமும் ஆகலாம். இந்தக் கிழமை ஒரு நாள் தந்தீர்கள் என்றால் வெட்டு நடக்கும்போது வரம்பில் நின்று பார்க்கலாம். வெட்டு முடிந்த பிறகுதான் வருவேன் என்றால், வெட்டு நடந்த கதையையும் வலியோடு கட்டிலில் கிடந்துதான் கேட்கவேண்டும்.' போவதா இல்லையா என்று அவரே முடிவெடுக்கட்டும். வலி குறைந்தால் என்ன செய்ய ஆசை என்று அவரிடமே கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகவேண்டும் என்றாலும் அது சிகிச்சைக்குப் போதுமான நோக்கம்தான். வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். டொசெடக்ஸல் திகதிகளை அதற்கேற்ப வைக்கலாம்.

கதிர் கொடுத்த முதல் இரண்டு மூன்று நாளில் பத்தில் மூன்று நான்கு பேருக்கு வலி கூடிவிட்டுத்தான் இறங்கும். 'கதிர் பிழைத்துவிட்டது' என்று பயந்துவிடாதீர்கள். அதற்கு டெக்ஸாமெதசோன் குளிசை தருவார்களா என்று முன்பே கேளுங்கள். நீரிழிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள், சீனி ஏறும்.

கதிர் கொடுப்பது சில நிமிட வேலை. ஆனால் மேசை பலகை மாதிரிக் கடினமாக இருக்கும். வலிக்கிற இடுப்போடு அசையாமல் மல்லாந்து படுப்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டமான பகுதி. உள்ளே கூப்பிடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் வலிக் குளிசையைக் கொடுங்கள். முழங்காலுக்குக் கீழே வைக்க ஒரு சின்னத் தலையணை கேளுங்கள். தோலில் மையால் ஒரு புள்ளியோ கோடோ போடுவார்கள். கதிர் முடியும்வரை அதன்மேல் சவர்க்காரம் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.